மிளகுக் களத்தில் சென்ட்

கொல்லிமலையில் நான் இறங்கிய ஊரில் இந்த மிளகுக் களத்தில்தான் சிக்னல் கிடைக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் மனைவியுடன் வீடியோ காலில் பேசப்போகிறேன். அதற்காக அவள் வாங்கித் தந்த சென்ட்டை அடித்துக்கொள்கிறேன். அவ்வளவு அறிவாளி நான்.

மிளகைக் கிளறும் அக்கா நிமிர்கிறார்.

"ஏனுங்க, எங்க மிளகைவிட உங்க சட்டை காரமா அடிக்குதுங்க!"

மனைவியிடம் போனில் பேசப்போவதைச் சொல்லி விளக்குகிறேன். "இந்த சென்ட்ல முதல்ல மிளகு வாசம், அப்புறம் பட்டைங்க. சாயங்காலம் சந்தனக்கட்டை மாதிரி இளஞ்சூடா ஒரு வாசம் வரும். அது கட்டிப்பிடிச்சாத்தான் தெரியும்."

"போன்ல எப்படிங்க சாமி கட்டிப்பிடிப்பீங்க?"

அசடு வழிகிறேன். திரையில் மனைவி வந்துவிடுகிறாள்.

"சென்ட் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டு முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறாள். என் போன் முழுக்க அவள் மூக்குதான்.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொள்கிறார். நான் சட்டைக் காலரைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறேன்.