டிவியில் தெரிந்த சாவிக்கொத்து

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பேப்பரை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு செய்தியை முடிப்பதற்குள் டீ ஆறிப்போகும், ஆனால் தொடங்கியதைப் பாதியில் விடமாட்டேன். இன்று ஆம்பூரில் ஷூவின் மேல்தோலை, அதாவது அப்பரை, தைக்கும் யூனிட் ஒன்று என் பெயரில் நடக்கிறது. தோல் மண்டியில் மூட்டை தூக்கியவன் இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். இதைச் சொல்லாமல் நான் எந்தப் பேச்சையும் ஆரம்பித்ததில்லை, அதனால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், சாரல் அடிக்கிறது என்று ஒட்டும் பகுதியில் ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். தோலை ஒட்டுகிற பசையைச் சொல்யூஷன் என்போம். அதன் நெடியை வெளியே தள்ளும் ஃபேன் அன்றைக்கென்று பார்த்துப் புகைந்து நின்றுபோனது. கொஞ்ச நேரத்தில் மூன்று பெண்கள் மேஜையிலேயே சாய்ந்துவிட்டார்கள். மூவரையும் ஒவ்வொருவராக வாசலுக்கு இழுத்து வந்தவள் அந்த லைன் சூப்பர்வைசர், குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பெண். கடைசி ஆளை வெளியே கிடத்திவிட்டு அவளும் சுருண்டு விழுந்தாள்.

யாராவது மயங்கி விழுந்தால் எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு முன்னால் இரும்பைத் தேடுவார்கள். வலிப்புக்கான வழக்கம் அது. ஆனால் பதற்றத்தில் எந்த மயக்கம் என்று யார் பார்க்கிறார்கள்? ஸ்டோர் ரூம் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்து விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார்கள். மற்ற மூவருக்கும் கொடுத்திருப்பார்கள், கொத்து ஒன்றுதான் இருந்தது.

பாலாற்றில் நுரை பொங்குவதைப் படம் எடுக்க அன்று டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். எப்படித் தெரிந்ததோ, ஆம்புலன்ஸுக்கு முன்னால் வந்துவிட்டார்கள். நான் மைக்கில் நடந்தது முழுவதையும் சொன்னேன். மூட்டை தூக்கியதிலிருந்து சொன்னேன். மாலையில் டிவியைப் போட்டால் என் வாயிலிருந்து "ஒண்ணும் இல்லீங்க" என்பது மட்டும் வருகிறது. பின்னால் ஆற்று நுரை. "விஷவாயு" என்று சிவப்பு எழுத்து. அப்புறம் அந்தப் பெண், கண் செருகி, கையில் சாவிக்கொத்தோடு. அந்தக் கொத்தை ஒரு வட்டம் போட்டு வேறு காட்டினார்கள். அன்று இரவு வரை அதே படம்தான் திரும்பத் திரும்ப ஓடியது.

மறுநாள் பேப்பரில் ஏழாம் பக்கத்தில், ஒரு நிலத் தகராறுக்குக் கீழே, சின்னதாக வந்திருந்தது. படம் இல்லை. என்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை, 'நிர்வாகத் தரப்பு' என்று போட்டு முடித்துவிட்டார்கள். ஷூ கம்பெனியைத் தோல் பதனிடும் ஆலை என்று தப்பாக எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியில், மூன்று பேரை வெளியே கொண்டுவந்த பிறகே சூப்பர்வைசர் மயங்கினார், நெடியால் வந்த மயக்கம்தான் என்று டாக்டர் சொன்னார், நால்வரும் மாலையே வீடு திரும்பினர் என்று இருந்தது. அவள் பெயர், வயது, ஊர் எல்லாம் இருந்தது.

டிவியில் முகம் வந்தது, பெயர் வரவில்லை. பேப்பரில் பெயர் வந்தது, முகம் வரவில்லை. ஊர் ஜனம் முகத்தையும் பெயரையும் சேர்த்து ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் விட்டுவிட்டது.

அவளுக்கு அரக்கோணத்தில் மாப்பிள்ளை பார்த்துப் பூ வைத்தாகிவிட்டிருந்தது. தையில் கல்யாணம். வேலைக்குத் திரும்பிய அன்று என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மொதலாளி, அவங்க வீட்ல பேச்சு மாறிப்போச்சு. எனக்கு வலிப்புன்றாங்க."

"யார் சொன்னது?"

"சாவி சொல்லுதாம். டிவியில பாத்தாங்களாம். அப்பா நாலு நாளா தறியில ஒக்கார மாட்டேன்றாரு."

வலிப்பு இருந்தால்தான் என்ன? அதுவும் ஒரு வியாதி, மாத்திரை இருக்கிறது. ஆனால் இல்லாத ஒன்றுக்காக ஒரு கல்யாணம் நிற்பதை நான் விடுவதாக இல்லை. பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். சரக்கு வாங்க வரும் பையர்கள் எத்தனையோ பேரை மடக்கியவன், ஒரு சம்பந்தியை மடக்க முடியாதா?

மாப்பிள்ளையின் அப்பா வீட்டில் இல்லை, தெருமுனை டீக்கடையில் இருந்தார். மரியாதையான ஆள். எனக்கும் டீ சொன்னார். பேப்பரை நீட்டினேன். தலைப்பைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"படிச்சேன் பெரியவரே. எழுதுறவன் ஆயிரம் எழுதுவான். நாங்க கண்ணால பாத்தோம்."

"கண்ணால இன்னா பாத்தீங்க? அவ வெளிய வந்தப்புறம் வந்தவன் எடுத்த படம். உள்ள நடந்தத கேமரா பாக்கல. விசாரிச்சு எழுதினவனுக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நானே நம்புறேன்னு வெச்சுக்குங்க. இந்தக் கடையில எல்லாரும் ஒண்ணா உக்காந்து அந்தப் படத்தப் பாத்தாங்க. பேப்பரை நான் தனியா படிச்சேன். இவங்களுக்கு நான் இன்னா சொல்றது?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. டிவியை ஊரே சேர்ந்து பார்க்கிறது, பேப்பரை அவனவன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறான். இத்தனை வயதுக்கு இது எனக்குத் தோன்றியதே இல்லை. சரி, சேர்ந்தே கேட்கட்டும் என்று நானே எழுந்து நின்று படிக்க ஆரம்பித்தேன். எழுத்துக் கூட்டித்தான். இரண்டு வரி தாண்டுவதற்குள் பெஞ்சிலிருந்த ஒருவர், "இந்த வேகத்துல போனா தை முடிஞ்சுடும், குடுங்க இப்பிடி" என்று பேப்பரை வாங்கி உரக்கப் படித்தார். கடைசிப் பத்தி வந்ததும் எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள். அவரே அதை இன்னொரு தடவை படித்தார்.

"அப்ப சாவி?" என்றார் டீ மாஸ்டர்.

"ஏன்யா, எனக்கு சக்கரை கம்மியாகி பேங்க்ல விழுந்தேனே, அந்த வாட்ச்மேன் லாக்கர் சாவியே குடுத்தான். அப்ப எனக்கு வலிப்பா?" என்றார் மூலையில் இருந்த ஒருவர்.

"சாவிய திருப்பிக் குடுத்தியா?" என்று இன்னொருவர் கேட்க, கடை சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பாவும் சிரித்தார். என் டீக்கும் அவரே காசு கொடுத்தார். "தையிலயே வெச்சுக்கலாம்" என்றார்.

ஊருக்கு வந்து, எப்படி முடித்தேன் என்று அவளிடம் விவரமாகச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், தைத்த அப்பர்களை எண்ணி அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"டீக்கடைக்காரங்க ஒத்துக்கிட்டாங்க. சரிங்க மொதலாளி. அவரு இன்னா சொன்னாரு?"

"யாரு, மாப்பிள்ளையா? அவரு கடையில இல்லம்மா."

"அவரு போன்ல என் நம்பர் இருக்கு. டிவி பாத்தாரு, பேப்பர் படிச்சாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா நானே சொல்லியிருப்பேன்ல."

நானும் பேப்பரைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே என்ன நடந்தது, எப்படி இழுத்தாய், பயமாக இருந்ததா என்று இவளிடம் நானும் கேட்கவில்லை. அன்று கேட்டேன். மூன்றாவது பெண்ணின் துப்பட்டா மேஜைக் காலில் சிக்கிக்கொண்டதாம், பல்லால் கடித்துக் கிழித்தாளாம். டிவியிலும் அது இல்லை, பேப்பரிலும் இல்லை.

அரக்கோணத்துக்குப் போன் போட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவள் சொன்னதை அப்படியே மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொன்னேன். "பையன்கிட்ட சொல்றேன்" என்று போனை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் ஓடிக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு பையன் வந்து நின்றான். யார் என்று கேட்காமலே தெரிந்தது. ஆள் குறைவென்று தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அவள் அதை நிறுத்திவிட்டு மாடியிலிருந்து இறங்கிப் போனாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். முதலில் அவன்தான் பேசினான், தலையைக் குனிந்துகொண்டு. பிறகு அவள் பேசினாள், நீளமாக. கையால் எதையோ இழுப்பது போலக் காட்டினாள். அவன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மேலே வந்தவளிடம் பொறுக்க முடியாமல் கேட்டேன். "இன்னாம்மா ஆச்சு?"

"தையில பதினஞ்சு நாள் லீவு வேணும் மொதலாளி."

"பத்து நாள்" என்றேன்.

"பதினஞ்சு" என்றாள், மிஷினைப் போட்டாள்.