சாக்குச் சுற்றாத கை

என் வலது கைத் தழும்பைப் பார்த்து "நாய்க்கடியா?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாயா கடித்தது?

விழுப்புரத்தில் வெள்ளைக்காரப் போலீஸ் துரை ஒருவர் சீமை நாய் வளர்த்தார். திருடனைப் பிடிக்க அதைப் பழக்கும்போது, திருடனாக ஓட ஓர் ஆள் வேண்டியிருந்தது. கூலிக்கு அந்தத் திருடன் நான்தான். வலது கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஓடுவேன். நாய் துரத்திவந்து அந்தக் கையைக் கவ்வும். துரை ஊதலை ஊதினால் விட்டுவிட்டு என் முன்னால் உட்காரும். அதற்கு ரொட்டி போடுவதும் என் வேலை. ஒரு வருஷம் தினமும் இதே கூத்து.

பிறகு நான் திண்டிவனத்தில் ஒரு நிலக்கடலை மண்டிக்கு மூட்டை தூக்கப் போனேன். அங்கே மல்லாட்டை மூட்டைகள் களவு போயின. கூலியாட்களை மட்டும் வரிசையில் நிறுத்தினார்கள். விழுப்புரத்திலிருந்து அதே துரை வந்து நாயை அவிழ்த்துவிட்டார். அது வேறு யாரையும் மோந்துகூடப் பார்க்கவில்லை. நேராக ஓடிவந்து என் வலது கையைக் கவ்வியது. அன்று கையில் சாக்கு இல்லை.

"தொரை, தெனமும் என் பின்னாடிதானே ஓடிக்கினு இருந்துது! அதுக்குத் தெரிஞ்ச திருடன் நான் ஒருத்தன்தானுங்களே!" என்று கத்தினேன்.

"நாய் பொய் சொல்லாதுடா. மூட்டை எங்க, ஜல்தியா சொல்லு" என்று துரையோடு வந்த ஏட்டு என் கன்னத்தில் அறைந்தார்.

துரை ஊதலை ஊதினார். நாய் கையை விட்டுவிட்டு, ரொட்டிக்காக என் முன்னால் உட்கார்ந்து வாலை ஆட்டியது. எல்லோரும் பார்த்தார்கள். துரையும் பார்த்தார். அந்தப் பாவி என்ன செய்தான் தெரியுமா? தன் பையிலிருந்து ரொட்டியை எடுத்து, முதல்தடவையாகத் தானே போட்டான்.