சாவு சொன்ன குரலில் ஒரு டிரோன் பாட்காஸ்ட்

என் முகத்தைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. குரலைக் கேட்டால்தான் பயம். வில்லியனூரிலிருந்து பாகூர் வரை, ஆட்டோவின் தலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு இறப்புச் செய்தி சொல்லிப் போகிறவன் நான். இருபது வருடப் பழக்கம். தெருமுனையில் என் "ஹலோ" கேட்டதுமே அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்: "யாருபா பூட்டாங்க?"

அப்படி ஒரு சாவைச் சொல்லப் போன காலையில்தான், பாகூர் ஏரிக்குக் கீழே அந்த டிரோனை முதன்முதலாகப் பார்த்தேன். ஆறு கைகளை விரித்த ராட்சதப் பூச்சி ஒன்று வரப்பிலிருந்து செங்குத்தாக எழும்பி, நெல்லுக்கு மேலே ஆள் உயரத்தில் நின்றது. அடியில் பயிர் வட்டமாகப் படிய, மருந்து பனிபோல் இறங்கியது. கழனியின் கடைசி வரை போய், தானாகவே திரும்பி, விட்ட வரிசைக்கு அடுத்த வரிசையைப் பிடித்துக்கொண்டு வந்தது. வரப்பில் ஒரு பெண், கையில் ரிமோட்டோடு, சோறு வெந்துவிட்டதா என்று பார்ப்பவர் போல அலட்டாமல் நின்றிருந்தார். பிளந்த வாயை மூடாமல் நின்றதில் செத்தவரையே மறந்துவிட்டேன். அவர் மகன் போன் செய்தார்: "அண்ணே, அப்பாவ எடுக்கறதுக்குள்ளயாவது சொல்லிடுவியா?"

அன்று பிடித்த பித்துதான் பாட்காஸ்ட். இந்தப் பறக்கும் தொழிலுக்குள் இருப்பவர்களைத் தேடிப் பிடித்துப் பேசவைப்பது என்று முடிவு செய்தேன். மைக் இருந்தது. சத்தமில்லாத இடம்தான் இல்லை. துணி பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு முன்னுரை பேசுவேன்.

"இன்னாயா, உள்ள பூந்துக்கினு யாராண்ட பேசற?" என்றாள் மனைவி.

"உலகத்தாண்ட."

"பேசு. என் பட்டுப்பொடவ மேல எச்சி தெறிக்காம பேசு."

ஊரறிய எத்தனையோ சாவுகளை நடுங்காமல் சொன்னவனுக்கு, பதிவுக் கருவியின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நான்கு சொம்புத் தண்ணீர் குடிப்பேன். அப்புறம் பாதிப் பேச்சில் எழுந்து ஓடுவேன். முதல் நிகழ்ச்சியில் டிரோன் பேட்டரி சரிசெய்பவர், இரண்டாவதில் டிரோனைத் தென்னை மரத்தில் செருகியவர். கேட்டவர்கள் பதினோரு பேர். அதில் நான்கு பேர் என் வீட்டில்.

மூன்றாவதற்குத்தான் அந்தப் பாகூர்ப் பெண்ணை அழைத்தேன். மகளிர் குழுவுக்கு வந்த டிரோன் அவர் பொறுப்பில் இருந்தது. "இந்த நெல்லுப் பட்டம் முடியறதுக்குள்ள வேல புடிச்சுக் காட்டலன்னா மெஷின வேற ஊரு குழுவுக்கு மாத்திடுவாங்கண்ணே," என்றார். "நீ பேசறத கேட்டாவது நாலு பேரு கூப்பிடுவாங்க."

பாவம், என்னை நம்பினார்.

விளக்கு எரிந்தது. மூளை காலி. இருபது வருடமாக வாய் எந்த வழியில் ஓடியதோ அந்த வழியிலேயே ஓடியது. "பாகூர், தெற்குத் தெருவைச் சேர்ந்த, இன்னாரின் மகளும், இன்னாரின் மனைவியும், இன்னாரின் தாயாருமான..." என்று இழுத்து, பெயரை இரண்டு முறை சொல்லி, நடுவில் ஒரு பெருமூச்சும் விட்டேன். அப்புறம்தான் டிரோன், பேட்டரி, பயிற்சி எல்லாம். ஆனால் அந்த முன்னுரைக்கு மேல் யார் கேட்டார்கள்? வாட்ஸப்பில் அரை நிமிடத்தை மட்டும் வெட்டி யாரோ அனுப்ப, அது ஊர் ஊராகப் போனது.

மறுநாள் காலை அவரே அழைத்தார். "நேத்து சரின்னவங்க ரெண்டு பேரும் இன்னிக்கி வேணான்னுட்டாங்க. சாவு விழுந்த மெஷினாம். ஒனக்கு நான் இன்னாண்ணே பண்ணேன்?"

நான் கெடுத்ததை நானே சரிசெய்கிறேன் என்று வீரமாக ஆட்டோவை எடுத்தேன். பாகூர் தெற்குத் தெருவில் நிறுத்தி, "ஹலோ" என்றேன். அவ்வளவுதான். தெருவே வாசலுக்கு வந்தது. "இப்ப யாருபா?"

சரியாக அந்த நேரத்தில் மண்ணாடிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. மாலையும் கையுமாக அந்தப் பெண்ணின் அத்தை, மாமா, சொந்தபந்தம். அத்தை இறங்கும்போதே ஒப்பாரி தொடங்கியிருந்தார். சத்தம் கேட்டு, கையில் டிரோன் பேட்டரியோடு வெளியே வந்தார் செத்துப்போனவர்.

அத்தை ஒருமுறை அவரைப் பார்த்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். "இந்த மாலைய ஒனக்குத்தான்யா போடணும்!"

நான் விளக்கம் சொல்ல மைக்கைத் தூக்கினேன். அந்தப் பெண் பிடுங்கிக்கொண்டார். "நீ வாயத் தொறக்காதண்ணே!" பிறகு குழாய் ஸ்பீக்கரில் அவர் குரல் கரகரத்தது: "நான்தான் பேசறேன். சாவல. எங்கூடப் பொறந்த அண்ணன் கயினில மருந்து அடிக்கப் போறேன். நம்பாதவங்க ஏரிக்கீழ வந்து பாருங்க."

தெரு மொத்தமும் போனது. நானும் பதிவுக் கருவியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். டிரோன் எழும்பியது. காற்றில் அத்தையின் முந்தானை படபடத்தது. அழுவதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. அவ்வளவு பேர் இருந்த வரப்பில் அந்த ரீங்காரம் தவிர ஒரு சத்தமில்லை. கொண்டுவந்த தூக்குவாளி டீ ஆறுவதற்குள் கழனி முடிந்து, கிளம்பிய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. முதுகில் டேங்க் மாட்டி, மருந்து வாடையில் தலைசுற்றி வரப்பில் உட்கார்ந்த காலமெல்லாம் எனக்கும் உண்டு.

மாமா குனிந்து இலையைப் புரட்டினார். அடிப்பக்கமும் ஈரம். விரலால் தொட வந்தவரை அந்தப் பெண் தடுத்தார். "மருந்து மாமா!" அவர் கையை இழுத்துக்கொண்டு கேட்டார்: "எங்கூரு கயினிக்கு எப்ப வர?"

பின்னால் நின்ற ஒருவர் தொண்டையைக் கனைத்தார். காலையில் வேண்டாமென்றவர். "மொதல்ல எனக்கு. நான்தான மொதல்ல சொன்னேன்."

டிரோன் பாகூரிலேயே இருக்கிறது. அன்று பதிவானதை முன்னுரை இல்லாமல் அப்படியே வெளியிட்டேன்: ரீங்காரம், நீண்ட மௌனம், மாமாவின் கேள்வி. அதன்பிறகு என் விருந்தினர்கள் தங்களைத் தாங்களே அறிமுகம் செய்துகொள்கிறார்கள். நான் பட்டனை மட்டும் அழுத்துகிறேன். அதற்கே இரண்டு சொம்பு தண்ணீர் வேண்டியிருக்கிறது.