கழுவக் கூடாத குழி

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் என் மாமா அரிசி ஆலை நடத்தினார். நெல் ஊறவைத்த தண்ணீர் ஆலைக்குப் பின்னால் தேங்கி நாறும். அடுத்த வீட்டுக்காரர் சீசனுக்கு வருகிறவர்களுக்கு மாடி அறைகளை வாடகைக்கு விடுபவர். அந்த நாற்றத்தில் யாரும் தங்கவில்லை. அவர் நகராட்சியில் புகார் கொடுத்தார். ஆலையை மூடச் சொல்வார்கள் என்று பேச்சு வந்தது.

பள்ளி விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் மாமாவுக்கு வழி சொன்னார். ஆழமில்லாத அகலமான குழி வெட்டி, கழிவு நீரை வெயிலில் விட்டு, குளத்துத் தண்ணீர் கொஞ்சம் ஊற்ற வேண்டும். அதிலுள்ள நுண்ணிய பாசி பெருகி அழுக்கைத் தின்றுவிடும். அப்படியே நடந்தது. குழி பச்சையாயிற்று, நாற்றம் போயிற்று. அந்தத் தண்ணீரை மாமா வயலுக்குப் பாய்ச்சினார்.

பழைய புகாரின் பேரில் சுகாதார அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் மாமா சம்பந்தி வீட்டார் வருவதுபோலப் பரபரத்தார். குழியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, கரைக்கு வெள்ளையடித்தார். அத்தை கோலம் போட்டார். அதிகாரி வரத் தாமதமானது. அதற்குள் புதிதாக நெல் ஊறிய தண்ணீர் வெறுங்குழியில் நிறைந்து நாறத் தொடங்கிவிட்டது.

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டார். "கோலம் நல்லாத்தான் இருக்கு. அடுத்த வாரம் வருவேன். இப்படியே நாறுச்சுன்னா ஆலையைப் பூட்ட வேண்டியதுதான்."

விஷயம் கேட்டு வந்த ஆசிரியர் தலையில் கைவைத்தார். "நாத்தத்தைத் தின்னதையே கழுவி விட்டுட்டியளே அண்ணாச்சி! இனி குளத்துத் தண்ணிய ஊத்தி அது பெருக மாசக்கணக்காவும்."

மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டு அம்மாளின் குரல் கேட்டது. "அந்தப் பச்சைத் தண்ணியா? ஒங்க குழியில எடுத்தது எங்க தொட்டி நெறையக் கெடக்கு. கத்திரிச் செடிக்கு ஊத்துதேன்."

அவர் கணவர் திகைத்தார். "ஏட்டி, நான் புகார் குடுக்கேன், நீ அங்கன போயி வாளியில தண்ணி கோருதியா?"

"நீங்க நாத்தத்துக்குத்தான புகார் குடுத்திய? கத்திரிக்காய்க்கு இல்லையே. நேத்து ரெண்டாந்தடவ கொழம்பு கேட்டு வாங்கலையோ?"

கணவரே தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டுவந்து மதில்மேல் நீட்டினார். மாமா ஆலையை நிறுத்திவைத்து, குழியில் பாதியை இறைத்துவிட்டுத் தொட்டித் தண்ணீரைக் கலந்தார். நல்லவேளையாக அந்த வாரம் சாரல் இல்லை, வெயில் காய்ந்தது. குழி வெளிறிப் பின் பச்சையாகிக்கொண்டே வந்தது.

மறுபடி வந்த அதிகாரி கரையில் நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். ஆலை ஓடட்டும் என்றார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்ட அடுத்த வீட்டுக்காரர் மாமாவைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"அண்ணாச்சி, இனிமே இந்தக் குழியைக் கழுவினியள்னா, அதுக்கும் புகார் குடுப்பேன்."