சாமி பென்டிரைவுக்கு என் பெயர்

குங்குமம் வைத்த பென்டிரைவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். விருத்தாசலத்தில் நான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் அப்படி ஒன்று இருந்தது. கட்டைவிரல் நீளம், நீல நிறம், மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. மஞ்சள் கயிறு கட்டி, நான் உட்காரும் டெஸ்பாட்ச் அறையின் சாமி அலமாரியில் ஓர் ஆணியில் மாட்டியிருப்போம். ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வைக்கும்போது அதற்கும் ஒன்று விழும். உள்ளே சாமி பாட்டைத் தவிர வேறு எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை சூளையில் சரக்கு ஏற்றி முடித்ததும், நெருப்பு வைப்பதற்கு முன்னால், அதை என் கம்ப்யூட்டரில் சொருகிப் பாட்டுப் போடுவேன். ஒயர் இழுத்து ஷெட்டில் மாட்டிய ஸ்பீக்கரில் கேட்கும். பிள்ளையார் பாட்டு ஒன்று, எங்கள் பக்கத்து முருகன் கொளஞ்சியப்பர் பாட்டு ஒன்று. அதற்குள் நான் சூளை வாசலுக்குப் போய்க் கற்பூரத் தட்டைக் காட்டுவேன். அப்புறம்தான் மேஸ்திரி பற்ற வைப்பார். தட்டைக் காட்டுவது பல வருஷமாக என் வேலை. யாரும் எனக்கு அதைக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படியே அமைந்துவிட்டது.

நான் பத்தாவது வரை படித்தவன். அட்டைப்பெட்டி கட்டும் ஆளாகச் சேர்ந்து, லாரிக்குச் சீட்டு எழுதி, பிறகு கம்ப்யூட்டரில் கேட் பாஸ் போடக் கற்றுக்கொண்டேன். கம்பெனியின் கம்ப்யூட்டர்களை எல்லாம் பார்த்துக்கொள்ள ஒருவர் திட்டக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எல்லாருக்கும் அவர் சிஸ்டம் சார். எனக்கு மட்டும் தம்பி. அவருக்கும் நான் அண்ணன்தான். மத்தியானம் என் டிபன் கேரியரில் பாதி அவருக்கு. என் வீட்டுக்காரி வைக்கும் கத்தரிக்காய்க் குழம்பு என்றால், "அண்ணி கைய எடுத்து வந்து இங்க வெச்சிடுங்கண்ணே" என்பார். என் பெண்ணின் காலேஜ் விண்ணப்பத்தை அவர்தான் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார். அவர் மனைவிக்குப் பிரசவ நேரம் என்றபோது நான் பழமலைநாதர் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, திருநீற்றை மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கண் கலங்கினார். அந்தக் கலங்கல் பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரு முறை யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்த பென்டிரைவில் வைரஸ் புகுந்து, எங்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிட்டன. இரண்டு நாள் ஒரு லாரி கூட வெளியே போகவில்லை. அதற்குப் பிறகு முதலாளி ஒரு காவல் சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டார். தம்பி தன் அறையில் உட்கார்ந்தபடியே எல்லாக் கம்ப்யூட்டரிலும் பென்டிரைவ் சொருகும் வாசலை மூடலாம், திறக்கலாம். யார் எதைச் சொருகினாலும் அவர் திரையில் வந்து நிற்கும். அனுமதி இல்லாததைச் சொருகினால், ஓரத்தில் சிவப்புக் கட்டம் எழும்பி முறைக்கும். போனுக்குச் சார்ஜ் ஏற்றக்கூட முடியாது. பீங்கானுக்குக் கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சைத் தடவும் பெண்கள் வந்து, "இன்னா சிஸ்டம் சார், போனு பசியில கெடக்குது, ஒரு வாய் கூட ஊத்த மாட்டீங்களா?" என்று கிண்டல் செய்தார்கள். "மொதலாளி வூட்டுப் போனுக்கே பட்டினிதான்க்கா" என்றார் அவர். எந்தெந்தச் சாதனத்துக்கு அனுமதி வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லி, ஒவ்வொரு பிரிவுக்கும் தாள் வந்தது. நான் பார்கோடு மிஷினை எழுதினேன், பிரிண்டரை எழுதினேன். அலமாரியில் தொங்கியதை எழுதவில்லை. அது சாமி சாமான். விளக்கு, மணி மாதிரி. சாதனம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேறு யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சொருகினேன். சிவப்புக் கட்டம். மேஸ்திரி ஓடி வந்து எட்டிப் பார்த்து, "இன்னாண்ணே, சாமிக்கே கேட் பாஸ் இல்லியா?" என்றார். பாட்டில்லாமல் தட்டைக் காட்டினோம். அந்தச் சூளையில் பாதிச் சரக்கு விரிசல் விட்டு இறங்கியது. அது ஈர மண்ணால் வந்தது என்று எனக்குத் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். ஆனாலும் ஷெட்டில் ஒரே பேச்சு. முதலாளி, தம்பியைக் கூப்பிட்டு, "சாமி விஷயத்துல நான் வாய் வெக்கமாட்டன். பாத்துப் பண்ணிக் குடுத்துடு" என்றார்.

அவர் என் அறைக்கு வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பென்டிரைவை அனுமதிப் பட்டியலில் ஏற்றினார். இரண்டு மூன்று பேர் சுற்றி நின்றோம்.

"அண்ணே, யார் பொறுப்புன்னு பேர் கேக்குது. காலியா வுட்டா ஏத்துக்க மாட்டேங்குது."

"சாமி பேரப் போடு தம்பி" என்றேன்.

"சாமிக்கு எம்ப்ளாயி நம்பர் இல்லியேண்ணே!"

எல்லாரும் சிரித்தோம். அவரும் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். பிறகு கையைக் கீபோர்டில் வைத்தபடி என் முகத்தைப் பார்த்தார். "என் பேரையே போட்டுடு" என்றேன். நம்பரையும் சொன்னேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "எல்லாக் கம்ப்யூட்டர்லயும் ஓடற மாதிரி வெச்சிட்டண்ணே. உங்க மிஷினு மக்கர் பண்ணாலும் பாட்டு நிக்கக் கூடாதுல்ல" என்றார். எவ்வளவு யோசித்துச் செய்கிறார் என்று அன்று இரவு வீட்டில் சொல்லி மகிழ்ந்தேன்.

ஒரு வருஷம் கழிந்திருக்கும். முதலாளி சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு, அங்கே வாங்கிய ஒரு டீ கப்போடு வந்தார். வேறொரு கம்பெனியின் கப். ஆனால் அந்த வெள்ளை எங்கள் வெள்ளை. முதலாளியின் அப்பா வருஷக்கணக்கில் சுட்டுச் சுட்டுப் பார்த்துக் கண்டுபிடித்த கிளேஸ் கலவை அது. லேப் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது.

என்னை அறைக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி, மேனேஜர், தம்பி மூவரும் இருந்தார்கள். மேசையில் தம்பி பிரிண்ட் எடுத்து வைத்த ஒரு தாள். ஒரு புதன்கிழமை, லேப் கம்ப்யூட்டரில் ஒரு பென்டிரைவைச் சொருகி, கலவை எழுதிய ஃபைலை எடுத்திருக்கிறார்கள். பென்டிரைவுக்குப் பொறுப்பு என்ற கட்டத்தில் என் பெயர், என் நம்பர்.

"ஐயா, அது சாமியோடது. அலமாரியில தொங்குது. யார் வேணா எடுக்கலாம்" என்றேன்.

"யார் வேணா எடுக்கிற சாமானுக்கு நீ எதுக்குப் பேர் குடுத்த?" அதுவரை முதலாளி என்னை 'நீ' என்று சொன்னதில்லை.

நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். "நீயே சொல்லு தம்பி, அன்னைக்கு எப்புடிப் பேர் குடுத்தன்னு." எல்லாம் விளங்கிவிடும் என்று நம்பித்தான் கேட்டேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவரு கேட்டாரு சார், நான் பண்ணிக் குடுத்தேன். ரெக்கார்டு அவர் பேருலதான் இருக்குது."

அவரு. அந்த அறையில் எனக்கு வேறு எதுவும் சரியாகக் காதில் விழவில்லை. இத்தனை வருஷம் அண்ணே என்று கூப்பிட்ட வாய்.

போலீசுக்குப் போகவில்லை. வயசைப் பார்த்து விடுவதாகச் சொல்லி, என்னைப் பேக்கிங் ஷெட்டுக்கு மாற்றினார்கள். ஆரம்பித்த இடத்துக்கே வந்து மறுபடி அட்டைப்பெட்டி கட்டினேன். அது கூடப் பெரிதில்லை. அந்த வெள்ளிக்கிழமை யாரோ போனில் பாட்டுப் போட்டார்கள். வழக்கம்போல நான் கற்பூரத் தட்டை எடுக்கக் கை நீட்டினேன். மேஸ்திரி தட்டைத் தன் பக்கம் நகர்த்தி, "நீங்க இருங்கண்ணே, நான் காட்டிக்கறன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். ஷெட்டே பார்த்துக்கொண்டிருந்தது. சாமிக்கு முன்னால் நிற்கத் தகுதியில்லாதவன் என்று ஒரு மனிதனுக்கு அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

வீட்டில், "நீங்க எடுக்கல. எனக்குத் தெரியும், சாமிக்குத் தெரியும்" என்றாள் மனைவி. "சூளைக்கு முன்னாடி நிக்கிறவங்களுக்குத் தெரியணுமே" என்றேன். "அப்ப கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுங்க" என்றாள். எங்கள் பக்கத்தில் நியாயம் கிடைக்காதவர்கள் செய்வது அது. மணவாளநல்லூர் கோயிலுக்குப் போய், குறையைத் தாளில் மனுவாக எழுதி, சன்னதியில் வைத்துப் பூஜை செய்து, அங்கே காவல் தெய்வமாக நிற்கும் முனியப்பர் முன்னால் கட்டிவிட்டு வர வேண்டும். குறை தீர்ந்ததும் மறுபடி போய், தீர்ந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

என்னை அங்கே பைக்கில் கூட்டிப் போனவர் தம்பிதான். இதை எழுதும்போது எனக்கே கை நிற்கிறது. ஆபீசில் அப்படிச் சொல்லிவிட்டாரே என்று வருத்தம் இருந்தது, ஆனால் ரெக்கார்டில் இருப்பதைத்தானே சொன்னார், அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறதே என்று நானே அவருக்காக மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போகிறேன் என்று கேள்விப்பட்டு, "வெய்யில்ல பஸ்ஸுக்கு நிக்காதீங்கண்ணே, நான் வுட்டுட்டு வரேன்" என்று வந்தார். மனுவை நான் அவர் பைக் சீட்டின் மேல் வைத்துத்தான் எழுதினேன். 'கிளேஸ் கலவையைத் திருடியவர் யார் என்று காட்டிக் கொடுக்க வேண்டும் சாமி. என் மேல் விழுந்த பழியை நீக்க வேண்டும்.' எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அவரிடமே காட்டினேன். படித்தார். "சரியா இருக்குதுண்ணே" என்றார். "உள்ள வா" என்றேன். "செருப்ப யார்னா எடுத்துடுவாங்க. நான் இங்கயே நிக்கறன், நீங்க போய்ட்டு வாங்க" என்றார். திரும்பி வரும்போது என் செருப்பைச் சேர்த்து, நிழலில் வைத்திருந்தார்.

இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போனார். சென்னையில் நல்ல இடம் என்றார். அவருக்குப் பதில் மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தார். தலையில் முக்காடு, வாயில் எப்போதும் ஏலக்காய். வருஷாந்திரச் சோதனைக்காகப் பழைய பட்டியலைப் புரட்டியவர், ஒரு நாள் பேக்கிங் ஷெட்டுக்கே என்னைத் தேடி வந்தார்.

"அண்ணே, அந்தப் பென்டிரைவு உங்க பேருல இருக்குது, சரி. ஆனா லேப் கம்ப்யூட்டர அன்னைக்கு யார் பாஸ்வேர்டு போட்டுத் தொறந்தாங்கன்னு பக்கத்துக் கட்டத்துலயே இருக்குதே. அத ஏன் ஒருத்தரும் பாக்கல?"

"தாளுல அப்படி ஒரு கட்டம் இல்லியேம்மா."

"பிரிண்ட் எடுக்கறப்ப எந்தக் கட்டம் வேணும், எது வேணாம்னு எடுக்கறவங்கதான் சொல்லணும்ணே" என்றார் அவர். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் பெயரைச் சொன்னார். திட்டக்குடித் தம்பியின் பெயர்.

அந்தப் பெண்ணே அதை முதலாளியிடம் எடுத்துப் போனார். கொஞ்ச நாளில் இன்னொன்றும் தெரிந்தது. தம்பி போய்ச் சேர்ந்த நல்ல இடம், அந்த டீ கப்பைச் செய்த கம்பெனி. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "போனது போச்சு, மனசுல வெச்சிக்காதீங்க. நாளைக்கே உங்க சீட்டுக்கு வந்துடுங்க" என்றார். "சீட்டு எப்ப வேணா வரேங்கய்யா. வெள்ளிக்கிழம சூளைக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்று கேட்டுக்கொண்டேன். சொன்னார். எல்லாரும் நிற்க, "அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல, நாங்கதான் தப்பா நெனச்சிட்டோம்" என்றார். மேஸ்திரி தட்டை என் கையில் கொடுத்தார். காற்றில் கற்பூரம் இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை அவரே உள்ளங்கையைக் குவித்துக் காற்றை மறைத்தார்.

பழி நீங்கியது. யார் என்றும் தெரிந்தது. கேட்ட இரண்டையும் சாமி கொடுத்துவிட்டார். "போய்த் தீந்துச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க" என்று மனைவி நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறாள். நான்தான் போகவில்லை. மனுவில் கேட்க மறந்த ஒன்று எனக்குள் கிடந்து அறுக்கிறது. என் பெயரைத் தட்டிய அன்றைக்கே அவர் மனசில் இது இருந்ததா? எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடட்டும் என்றாரே, அது பாட்டுக்காகவா, இதற்காகவா? பின்னால்தான் புத்தி கெட்டது என்றால், அதற்கு முன்னால் தின்ற சோறு உண்மை, என் பெண்ணுக்காக உட்கார்ந்து விண்ணப்பம் போட்டது உண்மை, திருநீற்றுக்குக் கலங்கிய கண் உண்மை. முதலிலேயே இருந்தது என்றால், அத்தனை வருஷத்தையும் நான் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்?

அவர் இன்றும் தினமும் காலையில் எனக்கு வாட்ஸ்அப்பில் சாமி படம் அனுப்புகிறார். தெரிந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே தட்டலில் மொத்தமாக அனுப்புகிறார் போலிருக்கிறது. "ச்சீ, பிளாக் பண்ணுப்பா" என்கிறாள் என் பெண். அது ஒரு நிமிஷ வேலை என்று செய்தும் காட்டினாள். அந்தப் பிளாக்கை மறுபடி எடுத்துவிடச் சொன்னேன். போன வாரம், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, அவருக்கு எழுதினேன். 'தம்பி, உன் மேல் வழக்கு எதுவும் இல்லை. ஒன்றே ஒன்று சொல். என் பெயரைப் போட்டபோதே நினைத்துவிட்டாயா, பிறகு வந்த நினைப்பா?'

பார்த்துவிட்டார். இரண்டு கோடும் நீலமாயின. எழுதுகிறார் என்று மேலே காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, படுக்கப் போகும்வரை பார்த்தேன்.

விடிந்ததும் போன் ஒலித்தது. கொளஞ்சியப்பர் படம், பூ அலங்காரத்தோடு. கீழே, இந்த நாள் இனிய நாளாகட்டும்.