திரைக்கு அடியில் ஒரு பொத்தான்

எதெல்மிராவிடம் கோபப்பட்டுப் பிரயோசனமில்லை என்று தெரிந்தும் நான் இன்றுவரை கோபப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஷேலா நகரத்தில், சந்தைக்குப் பின்தெருவில் இருக்கும் போட்டோ ஸ்டூடியோவில் இருவருக்கும் வேலை. அவள் கம்ப்யூட்டரில் படங்களின் நிறத்தைச் சரிசெய்வாள். நான் அச்சு மெஷினில் போட்டு எடுப்பேன். ஒரே அறை, ஒரே ஜன்னல், அந்த ஜன்னலுக்கும் கம்பி.

முதலாளி எர்லிந்தா அம்மா, ஞானஸ்நானத்தில் எதெல்மிராவின் மகளை ஏந்தி நின்ற ஞானத்தாய். ஒருத்தி பெற்ற பிள்ளைக்கு இன்னொருத்தி ஞானத்தாய் ஆகிவிட்டால் அந்த இருவரும் கொமாத்ரே. எங்கள் ஊரில் கூடப்பிறந்தவளிடம் சண்டை போடலாம், கொமாத்ரேயிடம் முகம் சுளிக்கக் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வண்டியோடு வந்து நிற்பது எர்லிந்தா அம்மாதான். பள்ளிக்கூட உடுப்பு தைத்துக் கொடுப்பதும் அவர்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்த உப்பே தொண்டையை அடைத்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

எதெல்மிராவின் புருஷன் பிதென்சியோவுக்குத் தலைநகரத்தில் வேலை. கல்யாணமான நாளிலிருந்து இவள் இங்கே, அவன் அங்கே. ஒருவழியாக அங்கே ஓர் அச்சகத்தில் இவளுக்கும் இடம் கிடைத்தது. வருகிறாளா இல்லையா என்று சொல்லக் கெடு வைத்திருந்தார்கள். கெடு முடியும் நாள் காலையில் வேலைக்கு வந்தாள்.

“இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கொமாத்ரேகிட்ட சொல்லிடறேன்,” என்றாள், பையைக்கூடக் கீழே வைக்காமல்.

“போன மாசமும் இதையேதான் சொன்ன.”

“இல்ல ஒதிலியா, இன்னிக்கு நிச்சயம்.”

ஒரு பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் விழா ஆல்பம் அன்று வாடிக்கையாளர் கைக்குப் போக வேண்டியிருந்தது. முதல் தாள் மெஷினிலிருந்து வந்ததும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ரோஜா நிறக் கவுன் ஊதாவாகியிருந்தது. பெண்ணின் கன்னம் குளிரில் விறைத்த பிணத்தின் கன்னம்போல நீலம் பாய்ந்திருந்தது. தாளை எதெல்மிராவின் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். திரையில் வெள்ளை என்று இருந்ததெல்லாம் பழுத்த மஞ்சள். அந்த மஞ்சளைச் சரிக்கட்ட இவள் படத்துக்குப் படம் நீலத்தை ஏற்றியிருக்கிறாள்.

“உனக்குக் கண்ணு தெரியலையா?”

“மஞ்சள் தெரிஞ்சுதுடி. படம்தான் மஞ்சளா எடுத்திருக்காங்கன்னு நெனச்சேன்.”

கண் கூசாமலிருக்க நீல வெளிச்சத்தைக் குறைக்கும் ‘இரவு ஒளி’ என்று கம்ப்யூட்டரில் ஓர் அமைப்பு உண்டு. அதைத் திறந்து பார்த்தால் அணைந்தே இருந்தது. போட்டு அணைத்தோம். சூரியன் மறைந்தால் தானாக எரியும் ஏற்பாட்டையும் எடுத்துவிட்டோம். கம்ப்யூட்டரையே அணைத்துத் திரும்பப் போட்டோம். மஞ்சள் அசையவில்லை. எதெல்மிரா மவுஸைத் தள்ளி வைத்தாள்.

“வேலையை விடப்போறேன்னு சொன்னா, வேணும்னே கெடுத்துட்டுப் போறாள்னுதானே கொமாத்ரே நெனப்பாங்க? இப்ப எப்படி வாயத் தொறப்பேன்?”

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வில்மருக்குப் போன் போட்டேன். திரையில் தெரிவதைக் கம்ப்யூட்டரிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்பினோம்.

“அக்கா, எல்லாம் வெள்ளையாத்தானே இருக்கு. கண் டாக்டரப் பாருங்க,” என்றான்.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கண் கெடுமா? எனக்கு வந்த கோபத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரையோரம் ஒட்டி, என் போனால் படம் எடுத்து அவன் மூஞ்சியில் அடிக்கிற மாதிரி அனுப்பினேன். அடுத்த நிமிஷம் அவனே கூப்பிட்டான்.

“அக்கா, அப்ப கம்ப்யூட்டர் மேல தப்பில்ல. அது அனுப்புறது வெள்ளதான், திரைதான் மஞ்சளாக்குது. திரைக்குன்னு தனியா பொத்தான் இருக்கும், அடியில தடவிப் பாருங்க.”

எதெல்மிரா தடவினாள். ஓர் அழுத்தில் பட்டியல் வந்தது. ‘கண் பாதுகாப்பு’ என்று ஒரு வரி. அதை அணைத்ததும் அறையே வெளுத்ததுபோல இருந்தது. எதெல்மிரா அழுதேவிட்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எல்லாப் படங்களையும் முதலிலிருந்து சரிசெய்தாள். கெட்டுப்போன தாளை நான் கிழித்துக் குப்பையில் அமுக்கினேன். ஆல்பம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகுதான் எர்லிந்தா அம்மா வந்தார். ஒரு கையில் சூடான சோளக் கஞ்சி, மறு கையில் கண் சொட்டு மருந்து.

“கொமாத்ரே, உங்க கூட ஒரு விஷயம் பேசணும்,” என்று எழுந்தாள் எதெல்மிரா. அதுவரை வந்துவிட்டாள். 

அவர் திரையைத்தான் பார்த்தார்.

“அட, யாரு இத மாத்தினது? உன் கண்ணு செவந்து கிடக்கேன்னு நாந்தானே தேடிப் புடிச்சு வெச்சேன்? என் கண் டாக்டர்கிட்ட உனக்காகக் கேட்டுட்டு வந்தேன். நீ இல்லாட்டி இந்தக் கடை ஏதுடி?”

குனிந்து, தானே பொத்தானை அழுத்தினார். திரை மறுபடி பழுத்தது.

“சொல்லு, என்ன பேசணும்?”

எதெல்மிரா என்னைப் பார்த்தாள். கஞ்சிக் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“ஒண்ணுமில்ல கொமாத்ரே. ரொம்ப நன்றி.”

அவர் போனதும் எதெல்மிராவைப் பிடித்துக்கொண்டேன். “வாயில என்ன கொழுக்கட்டையா? படமெல்லாம் கெட்டதுக்குக் காரணமே அவங்கதான்னாவது சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிடி சொல்றது? எனக்காகச் செஞ்சிருக்காங்க.”

மேசைமேல் அவளுடைய போன் அதிர்ந்தது. பிதென்சியோ. அது அடித்து ஓயும்வரை அவள் கஞ்சியைக் குடித்தாள்.

அந்த அச்சகத்தில் வேறொருத்தியை எடுத்துக்கொண்டார்கள். பிதென்சியோ இப்போது மாதம் ஒருமுறைதான் வருகிறான். எதெல்மிரா பொத்தானை அழுத்தி, வெள்ளையில் வேலை செய்கிறாள். மாடிப்படியில் எர்லிந்தா அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் விரல் தானாகத் திரைக்கு அடியில் போகும். அவர் வந்து தலையைத் தடவிவிட்டுப் போகும்வரை மஞ்சளுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள்.