ட்ரவுட் பிடிக்க மகனின் கடிதம்

நான் ஓய்வெடுக்க ஊட்டிக்குப் போவதாகக் கே.கே. நகரில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. மே மாதம் அங்குள்ள மலையோடையில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறேன்.

இன்று காலை, அங்கே ஆட்களைக் கூட்டிப்போகும் குழுவிடம் என் பெயரைக் கொடுக்கப் போனேன்.

"நீங்க கரையில சேர் போட்டு உக்காந்து பாருங்கம்மா" என்றார் ஏற்பாட்டாளர்.

"என் வீட்டுக்காரர் பிடிக்கிறத நாப்பது வருஷம் உக்காந்து பாத்தாச்சு தம்பி. அவர் தூண்டிலுக்குச் சேவல் இறகுல ஈ மாதிரி கட்டிக் குடுத்ததே நான்தான். இந்தத் தடவ நானே தண்ணில இறங்கப் போறேன்."

"அப்ப மகன்ட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க."

இறப்பதற்கு முந்தைய கோடையில், எழுபத்தாறு வயதில், என் கணவர் அதே ஓடையில் இறங்கினார். அவரிடம் யாரும் கடிதம் கேட்கவில்லை. எனக்கு எழுபத்தொன்றுதான்.

ஏற்பாட்டாளரும் நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர். ஐயா, என்னைச் சேர்க்க முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்.